பத்து அட்டை டிரமடால் கேட்டு வந்த அம்மா: ஓப்பியாய்டு வலி மருந்தில் மருந்தாளுநரின் பொறுப்பு – ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளிக்கு வயது 67, எடை 48 கிலோ. திருவட்டாறு வட்டத்து மலையோரக் கிராமம். வாழ்நாளெல்லாம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை செய்தவர். புராஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் பரவியிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். அடையாளம் தெரியாமலிருக்க இடமும் சில விவரங்களும் மாற்றப்பட்டுள்ளன. மருந்துகளும் அளவுகளும் பாடத்துக்குத் தேவையானபடி அப்படியே வைக்கப்பட்டுள்ளன.

அவருடைய மனைவி ஒரு சனிக்கிழமை மாலை மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு மருந்துக்கடைக்கு வந்தார். அதற்கு முன் மூன்று கடை ஏறி இறங்கியிருந்தார். மூன்றிலும் ஒரே பதில்: "அந்த மாத்திரையெல்லாம் கிடையாது." நான்காவது கடையில் இருந்த மருந்தாளுநர் பதிவு பெற்று சில ஆண்டுகளே ஆன பெண். அந்த அம்மா அவரிடம் கேட்டது இதுதான்:

"மக்ளே, இந்த மாத்திரை ஒரு பத்து அட்டை தா. மூணு கடையில கேட்டாச்சு, இல்லைன்னுட்டாவ. ராத்திரி முழுக்க அவரு ஒறங்கல்ல. அடிக்கடி மலை இறங்கி வர என்னால முடியாது பாத்துக்க."

அவர் கேட்டது டிரமடால், ஓப்பியாய்டு எனப்படும் அபின் போல வேலை செய்யும் வலி மருந்து. பத்து அட்டை என்றால் 100 கேப்சூல். கையில் இருந்த சீட்டு மூன்று வாரம் பழையது. நாளுக்கு மூன்று வீதம் பத்து நாளுக்கு என்று எழுதி, வேறொரு கடை முத்திரை குத்தி, மருந்து கொடுத்த தேதியும் போட்டிருந்தது. சட்டப்படி பார்த்தால் அந்தச் சீட்டின் வேலை முடிந்துவிட்டது. திரும்பத் தரலாம் என்று மருத்துவர் எழுதாத சீட்டுக்கு இரண்டாம் முறை மருந்து கொடுக்க 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகள் இடம் தரவில்லை.

ஆகவே "இல்லை" என்று சொன்ன மூன்று கடைக்காரர்களும் சட்டத்தை மீறவில்லை. என் கவலை வேறு. அந்த மூன்று கடையிலும் ஒருவர்கூட சீட்டை வாங்கிப் பார்க்கவில்லை. யாருக்கு, எதற்கு, எத்தனை நாளாக என்று கேட்கவில்லை. மாத்திரைப் பெயரைக் கேட்டதுமே கையை விரித்துவிட்டார்கள். இப்படிக் கையை விரிப்பதைத்தான் நம் ஊரில் பலர் பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது கடைக்குப் பாதுகாப்பாக இருக்கலாம். நோயாளிக்கு அதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

பைக்குள் இருந்தவை

நான்காவது கடையில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மருந்தாளுநர் முதலில் கேட்டது சீட்டை அல்ல, பையை. "அம்மா, அவரு குடிக்கிற எல்லா மாத்திரையும் கையில இருக்கா? இந்த மேசை மேல எடுத்து வையுங்க." துணிப்பையைக் கவிழ்த்ததும் வந்தவை இவை: எலும்பு மருத்துவர் எழுதிய டிரமடால் 50 மி.கி., நாளுக்கு மூன்று. இன்னொரு மருத்துவர் வேறு கம்பெனிப் பெயரில் எழுதிய மாத்திரை, அதுவும் நாளுக்கு மூன்று. அதன் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தால் டிரமடால் 37.5, பாராசிட்டமால் 325. சீட்டே இல்லாமல் ஏதோ கடையில் வாங்கிய ஏசிகுளோஃபெனாக் என்ற வலி மருந்துக் கலவை, காலை ஒன்று மாலை ஒன்று. உறக்கத்துக்கு அல்பிரசோலம் 0.5. மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோபிராம் 10. இவற்றோடு சுண்ணாம்புச் சத்து மாத்திரை, மலச்சிக்கலுக்கு இசப்கோல் நார்ப்பொடி டப்பா. கூடவே நாலாக மடித்த ஒரு இரத்தப் பரிசோதனைத் தாள்.

டிரமடால் இரண்டு பெயரில் போய்க்கொண்டிருந்தது. 150-உம் 112.5-உம் சேர்ந்து 262.5 மி.கி. "ராத்திரி வேதன கூடும்போ ஒண்ணோ ரெண்டோ கூடக் குடுப்பேன்" என்று அம்மா சொன்னதைக் கணக்கில் எடுத்தால் சில நாள் 300-ஐத் தாண்டியிருக்கும். சிறுநீரகம் சரியாக உள்ள நடுத்தர வயதினருக்கு ஒரு நாள் உச்ச அளவு 400. அதை மட்டும் மனதில் வைத்திருந்தால் இது எல்லைக்குள் என்றே தோன்றும்.

அந்த மடித்த தாளில் கிரியாட்டினின் (சிறுநீரகம் தளர்ந்தால் இரத்தத்தில் ஏறும் கழிவு) 2.6 என்றிருந்தது. தேதி மூன்று வாரத்துக்கு முந்தையது. இரண்டு மருத்துவரில் யாரும் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை. இருவரையும் பார்த்து வந்த பிறகுதான் தாள் கைக்கு வந்திருக்கிறது. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை மதிப்பிடும் சூத்திரத்தில் மருந்தாளுநர் கணக்கிட்டார்: 140-இல் வயது 67 போனால் 73, அதை எடை 48-ஆல் பெருக்கினால் 3504, அதை 72 பெருக்கல் 2.6-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 19. சிறுநீரகம் நிமிடத்துக்கு 19 மில்லிலிட்டர் அளவுக்கே சுத்தம் செய்கிறது. இந்த எண் 30-க்குக் கீழே போனால் டிரமடாலை 12 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் தர வேண்டும், ஒரு நாள் மொத்தம் 200-ஐத் தாண்டக் கூடாது. ஈரல் டிரமடாலை உடைத்து உண்டாக்கும் வீரியமான பொருள் சிறுநீரில்தான் வெளியேற வேண்டும். வழி அடைபட்டால் அது உடம்பிலேயே தேங்கும். ஏசிகுளோஃபெனாக் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தை மேலும் குறைக்கும். யாரும் எழுதாத அந்த மாத்திரைதான் இந்தப் பையிலேயே மோசமானது என்பேன்.

இந்தக் கணக்கைப் போட ஒரு பால்பேனாவும் துண்டுத்தாளும் போதும். கணக்கைவிட அடுத்து கேட்ட கேள்விகள் முக்கியம். பகலில் எப்படி இருக்கிறார்? "தூங்கித் தூங்கி விழுவாரு. கை வெட்டி வெட்டி இழுக்கும்." மலம்? "நாலு நாளாச்சு." சிறுநீர்? அம்மா சற்றுத் தயங்கினார். "காலையில இருந்து சொட்டுச் சொட்டாத்தான் போகுது." கால் மரத்துப் போகிறதா, எழுந்து நடக்கிறாரா? "கக்கூசுக்குப் பைய நடந்து போவாரு."

கடைசிக் கேள்வியைக் கேட்கத் தெரிந்திருந்ததற்காகவே அந்த மருந்தாளுநரைப் பாராட்ட வேண்டும். முதுகெலும்பில் புற்று பரவியவருக்கு முதுகுவலி கூடி, சிறுநீரும் மலமும் கட்டினால், தண்டுவடம் நெரிபடுகிறதா என்று சந்தேகிக்க வேண்டும். மணிக்கணக்கில் கவனிக்காமல் விட்டாலே கால்கள் நிரந்தரமாகச் செயலிழக்கக் கூடும். வலி மருந்து வாங்க வருபவரிடம் மருந்துக்கடையில் கேட்கும் ஒரு கேள்வி அதைப் பிடித்துவிடலாம்.

பிறகு வீட்டில் இருந்த மகனைப் போனில் பிடித்தார். "அப்பாவக் கூப்பிட்டுப் பாருங்க. கண்ணு முழிச்சுப் பேசுதாரா? இப்போ நெஞ்சு ஏறி இறங்கறத ஒரு நிமிசம் முழுக்க எண்ணுங்க, நான் கடிகாரம் பாக்கேன்." மகன் 14 என்றார். கூப்பிட்டதும் விழித்துப் பேசுகிறார் என்றார். எண்ணிக்கை பத்துக்கும் கீழே போனாலோ, உலுக்கினாலும் எழாமல் போனாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ வேறெதுவும் யோசிக்காமல் 108-ஐ அழைக்கும்படி சொல்லிவிட்டு, அந்த எண்ணையும் இந்த மூன்று அறிகுறியையும் ஒரு தாளில் எழுதி அம்மாவின் பையில் வைத்தார்.

மருத்துவரிடம் என்ன சொன்னார்

எலும்பு மருத்துவரின் மாலை நேரக் கிளினிக் திறந்திருந்தது. நம்மில் பலர் மருத்துவரைப் போனில் கூப்பிட்டால் கேட்பது, "சார், இந்தச் சீட்டுக்குக் கொடுக்கலாமா?" என்பதுதான். அவசரத்தில் இருப்பவர் "கொடுங்க" என்பார், அத்தோடு பேச்சு முடிந்துவிடும். இந்த மருந்தாளுநர் அனுமதி கேட்கவில்லை, தகவல் சொன்னார். நோயாளியின் பெயர், வயது, எடை, டிரமடால் இரண்டு பெயரில் போகிறது, மொத்தம் இவ்வளவு, கிரியாட்டினின் 2.6, கூடவே ஏசிகுளோஃபெனாக், அல்பிரசோலம், எஸ்சிட்டலோபிராம், பகலில் மயக்கம், கை துடிப்பு, மூச்சு 14, காலையிலிருந்து சிறுநீர் கட்டியிருக்கிறது, நடக்கிறார். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்காது.

மருத்துவரின் பதிலும் உடனே வந்தது: இரண்டு டிரமடாலையும் ஏசிகுளோஃபெனாக்கையும் நிறுத்துங்கள், இரவே மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள், நான் அங்கே பேசிவிடுகிறேன்.

அந்த அம்மா டிரமடால் இல்லாமல்தான் அந்தக் கடையிலிருந்தும் போனார். ஆனால் எங்கே போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும், எதை நிறுத்த வேண்டும், அல்பிரசோலத்தைத் தானாகத் திடீரென்று ஏன் நிறுத்தக் கூடாது என்ற விவரங்களோடு போனார். மாத்திரைப் பட்டியலும் கிரியாட்டினின் எண்ணும் எழுதிய தாளை மருத்துவமனையில் காட்டச் சொல்லியிருந்தார் மருந்தாளுநர். நடந்ததைத் தன் கடைக் குறிப்பேட்டிலும் நேரத்தோடு எழுதி வைத்தார்.

மருத்துவமனையில் சிறுநீர்க் குழாய் போட்டதும் தேங்கியிருந்த நீர் வெளியேறியது. எம்.ஆர்.ஐ. படத்தில் தண்டுவடம் நெரிபடவில்லை என்று தெரிந்தது. கை துடிப்பு மூன்றாம் நாளுக்குள் நின்றது. அது தேங்கிய டிரமடாலால் வந்ததா, டிரமடாலும் எஸ்சிட்டலோபிராமும் சேர்ந்து செரடோனின் என்ற மூளை வேதிப்பொருளைக் கூட்டியதால் வந்ததா, இரத்தத்தில் யூரியா ஏறியதால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மூன்றுக்கும் இடம் இருந்தது. டிரமடால் வலிப்பு வரும் வாசலைத் தாழ்த்தும் மருந்து என்பதால் இன்னும் சில நாள் இப்படியே போயிருந்தால் வலிப்பே வந்திருக்கக் கூடும். ஒரு வாரத்தில் கிரியாட்டினின் 1.6-க்கு இறங்கியது. அதே கணக்கில் போட்டால் 30.

பயம் எங்கிருந்து வருகிறது

மூன்று கடைக்காரர்களின் பயத்தையும் புரிந்துகொள்ள வேண்டும், அது வெறும் சாக்கு அல்ல. டிரமடால் 2014 மார்ச் 1 முதல் எச்1 அட்டவணை மருந்து, அதாவது கூடுதல் கட்டுப்பாடுள்ள சீட்டு மருந்து: மருத்துவர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும், அந்தப் பதிவேட்டை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். 2018 ஏப்ரலில் அது 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்துக்குள்ளும் வந்தது. அட்டையில் சிவப்பில் 'என்.ஆர்.எக்ஸ்' என்று இருப்பது அதற்காகத்தான். தமிழ்நாடெங்கும் இளைஞர்கள் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்வதும், காவல் துறை சோதனை நடத்துவதும் நாளிதழில் அடிக்கடி வருகிறது. டேபென்டடால் என்ற இன்னொரு ஓப்பியாய்டு மாத்திரையின் பெயர்தான் அதில் அதிகம் அடிபடுகிறது. ஒரு சிறு கடைக்காரர், மனைவியும் தானுமாகக் கடை நடத்துபவர், "எதுக்கு வம்பு" என்று சரக்கே வாங்காமல் இருந்துவிடுகிறார்.

ஆனால் அந்தச் சட்டமே நோயாளிக்கு விட்டிருக்கும் இடத்தையும் நாம் படிக்க வேண்டும். டிரமடாலும் சேர்ந்துள்ள மனமயக்க மருந்துகளைப் பொறுத்தவரை, சொந்த மருத்துவத் தேவைக்கு ஒருவர் ஒரு நேரத்தில் 100 அலகு வரை வைத்திருக்கலாம் என்கிறது போதைப்பொருள் விதி. நீண்டகாலச் சிகிச்சைக்கு என்று மருத்துவர் குறிப்பாக எழுதித் தந்தால் 300 அலகு வரை வைத்திருக்கலாம். மலை இறங்கி வர முடியாத நோயாளிகளும் இருக்கிறார்கள் என்பதை விதி எழுதியவர்கள் மறக்கவில்லை. சரியான, புதிய, கையொப்பமிட்ட சீட்டு இருந்து, எழுதிய அளவுக்குள் கொடுத்து, சீட்டில் கடைப் பெயரும் தேதியும் போட்டு, பதிவேட்டில் ஏற்றிய மருந்தாளுநர் இந்தச் சட்டத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியவர் சீட்டே இல்லாமல் அட்டை அட்டையாகக் கொடுப்பவர்தான். இந்த நோயாளிக்கு ஏசிகுளோஃபெனாக்கைச் சீட்டில்லாமல் கொடுத்த கடையும் இருக்கிறது. டிரமடால் என்றால் பதறும் நாம் ஏசிகுளோஃபெனாக்கைக் கொடுக்கும்போது மட்டும் ஏன் கை கூசவில்லை என்று என்னைப் போன்றவர்கள் சங்கக் கூட்டத்தில் கேட்டால் ஒருவரும் பதில் சொல்வதில்லை.

தவறாகப் பயன்படுத்த வருபவரை எப்படி இனம் காண்பது என்று இளம் மருந்தாளுநர்கள் கேட்கிறார்கள். முகத்தையும் உடுப்பையும் பார்த்தல்ல என்பதுதான் முதல் பதில். கவனிக்க வேண்டியவை: நோயாளி பற்றிக் கேட்டால் விவரம் சொல்லத் தெரியாமை, குறிப்பிட்ட வீரியம்தான் வேண்டும் என்ற பிடிவாதம், சீட்டின் நகல் அல்லது வாட்ஸாப் படம் மட்டும், திருத்திய தேதி, கூடவே சிரிஞ்சும் கேட்பது, ஒரே கையெழுத்தில் பல பெயருக்குச் சீட்டு. நாள் கணக்குக்கு முன்பே மருந்து தீர்ந்துபோவதும் இந்தப் பட்டியலில் வரும். ஆனால் வலி அடங்காத நோயாளியின் வீட்டிலும் மருந்து முன்பே தீரும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கேட்காமல் பிரித்தறிய வழியில்லை. இந்த அம்மாவிடமும் சந்தேகப்பட வைக்கும் இரண்டு மூன்று அடையாளம் இருந்தது: பழைய சீட்டு, அதிக அளவு, கடை கடையாக அலைச்சல்.

மார்பின் வந்த பிறகு

இனி வருவது எங்கள் மருத்துவமனை மருந்தகம் நேரடியாக ஈடுபட்ட பகுதி. அபினிலிருந்து எடுக்கும் கடும் வலி மருந்தான மார்பின் சாதாரண மருந்துக்கடையில் கிடைக்கும் பொருள் அல்ல. போதைப்பொருள் சட்டத்தில் 2014-இல் திருத்தம் வருவதற்கு முன், ஒரு மருத்துவமனை மார்பின் வைத்திருக்க வெவ்வேறு துறைகளிடம் பல உரிமங்கள் வாங்க வேண்டியிருந்தது. ஒன்று கைக்கு வரும்போது மற்றொன்று காலாவதியாகிவிடும். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு அனுமதியோடு அபின் விளைகிறது. நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசு ஆலைகள் இருக்கின்றன. இத்தனையும் இருந்தும் நம் நாட்டுப் புற்றுநோயாளிகள் மார்பின் கிடைக்காமல் வலியில் கிடந்தார்கள். திருத்தத்துக்குப் பிறகு மார்பின், ஃபென்டனில், மெத்தடோன், கோடீன், ஆக்ஸிகோடோன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் 'இன்றியமையாத போதை மருந்துகள்' என்று அறிவிக்கப்பட்டன. வலி நிவாரணத்தில் பயிற்சி பெற்ற மருத்துவர் உள்ள நிறுவனம் மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் ஒரே அங்கீகாரம் பெற்றால் போதும் என்றானது. எங்கள் மருத்துவமனை அப்படி அங்கீகாரம் பெற்ற ஒன்று. ஒவ்வொரு மாத்திரையும் வரவு, செலவு, இருப்பு என்று ஏட்டில் நிற்கும்.

நோயாளிக்கு முதுகில் 8 கிரே அளவு கதிர்வீச்சு ஒரே தவணையாகக் கொடுக்கப்பட்டது. அதன் பலன் முழுதாகத் தெரியச் சில வாரம் ஆகும். அதுவரைக்கும் அதன் பிறகும் வேண்டிய மருந்தை எங்கள் மருத்துவர் யோசித்து எழுதினார்: மார்பின் 5 மி.கி. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. சிறுநீரகம் நன்றாக இருந்தால் நான்கு மணிக்கு ஒருமுறை தருவோம். மார்பினை ஈரல் உடைத்து உண்டாக்கும் பொருள்களும் சிறுநீரகம் வழியாகவே போக வேண்டும் என்பதால் இவருக்கு இடைவெளி கூட்டப்பட்டது. இடையில் வலி கூடினால் நாளுக்கு ஒருமுறை இன்னொரு 5. பாராசிட்டமால் 650 மூன்று வேளை. மலச்சிக்கலுக்கு இரவில் பிசகோடில் 10. எங்களிடம் உள்ளது 10 மி.கி. மாத்திரை, ஆக, பாதிப் பாதியாக வெட்ட வேண்டும். பதினான்கு நாளுக்கு முறையான வேளைகளுக்கு 21 மாத்திரை, இடைவலிக்கு 7, மொத்தம் 28.

அம்மாவோடு உட்கார்ந்து பேச எங்களுக்கு அரைமணி நேரம் ஆனது. 2015-ஆம் ஆண்டு மருந்தியல் பணி விதிமுறைகள் நோயாளிக்கு விளக்கம் சொல்வதை மருந்தாளுநரின் கடமையாகவே வைத்திருக்கின்றன. கூட்டமான கவுன்டரில் அது நடக்காது. மார்பினுக்காகவாவது ஒரு நாற்காலி போட வேண்டும்.

அவர் முதலில் கேட்டது அளவைப் பற்றி அல்ல. "இது கடைசியில குடுக்கதாக்கும்னு சொல்லுதாவளே?" எல்லா வீட்டிலும் இந்தக் கேள்வி இருக்கிறது, வாய்விட்டுக் கேட்பவர்கள் குறைவு. இல்லை என்று வெறுமனே மறுத்தால் அவர் நம்பியிருக்க மாட்டார். வலி இருக்கும் வரை தருகிறோம், கதிர்வீச்சால் வலி குறைந்தால் மருத்துவரே இதைக் குறைப்பார், குறைத்தவர்கள் எங்கள் ஏட்டிலேயே இருக்கிறார்கள் என்று சொன்னோம். போதைக்கு அடிமையாகிவிடுவாரா என்று மகன் கேட்டார். வலிக்காகச் சரியான அளவில், மருத்துவர் கண்காணிப்பில் எடுக்கும்போது அந்த ஆபத்து குறைவு. ஆனால் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தவிக்கும், ஆகவே தானாக நிறுத்தக் கூடாது என்று விளக்கினோம்.

வேளையை அந்த வீட்டின் நாளோடு பொருத்தினோம். மகன் பால்வெட்டுக்குப் போகிறவர், அதிகாலையிலேயே வீடு விழித்துவிடும். எனவே காலை 5, பகல் 1, இரவு 9. மாத்திரை வெட்டும் சிறு கருவியை அம்மாவே கையில் வாங்கி எங்கள் முன்னால் ஒரு சுண்ணாம்புச் சத்து மாத்திரையை வெட்டிப் பார்த்தார். முதல் இரண்டு மூன்று நாள் தூக்கக் கலக்கமும் குமட்டலும் இருக்கலாம், பிறகு குறையும். மலச்சிக்கல் மட்டும் குறையாது, மார்பின் உள்ளவரை இருக்கும். பிசகோடிலை ஒரு நாளும் விடக் கூடாது. இசப்கோலை நிறுத்தச் சொன்னோம். தண்ணீர் குறைவாகக் குடித்துப் படுத்தே இருப்பவருக்கு, மார்பினால் குடல் மெதுவானபோது, அது உள்ளேயே உப்பி அடைத்துக்கொள்ளும். மரச்சீனியும் மீனும் சாப்பிடலாமா என்று கேட்டார். தாராளமாக.

மாத்திரைப் பெட்டியைப் பூட்டி வைப்பது பற்றிப் பேசும்போது அம்மாவும் மகனும் சற்றுச் சங்கடப்பட்டார்கள். வீட்டில் ஐ.டி.ஐ. படிக்கும் பேரன் இருக்கிறான். யாரையும் சந்தேகப்பட்டுச் சொல்வதல்ல, எல்லா வீட்டிலும் சொல்வதுதான் என்றோம். பேரனைவிட அம்மாவின் இரக்கம்தான் எங்களுக்குப் பயம். பக்கத்து வீட்டு ஆச்சி மூட்டுவலி என்று வந்தால் "பாவம், இதுல பாதி குடிச்சிப் பாருங்க" என்று கொடுத்துவிடும் மனசு அவருக்கு. பழக்கமில்லாத வயதான உடம்பில் அந்தப் பாதி என்ன செய்யும் என்பதைச் சொன்னபோது முகம் மாறியது. கடைசியாக, நாங்கள் சொன்னதையெல்லாம் அவரையே திருப்பிச் சொல்லச் சொன்னோம். இடைவலி மாத்திரையை மட்டும் மாற்றிச் சொன்னார், மீண்டும் விளக்கினோம்.

பதினான்காம் நாள் ஐந்து மாத்திரையோடு வந்தார். மாத்திரை எண்ணுவதைப் போலீஸ் வேலை என்று நினைக்கிறோம். அந்த ஐந்து எங்களுக்குச் சொன்னது வேறு: இடைவலிக்குக் கொடுத்த 7 மாத்திரையில் 2-தான் செலவாகியிருக்கிறது, அதாவது பதினான்கு நாளில் நான்கே முறை வலி எல்லை மீறியிருக்கிறது. மருந்து வேலை செய்கிறது.

அடுத்த முறை பன்னிரண்டாம் நாளே வந்துவிட்டார், பெட்டி காலி. இரண்டு நாள் முன்னதாக 28 மாத்திரையும் தீர்ந்திருக்கிறது. எங்களில் ஒருவருக்குப் பேரன் நினைவு வந்தது, அதில் தவறில்லை. ஆனால் கேள்வியைக் குற்றச்சாட்டாகக் கேட்கவில்லை. "ராத்திரி 9 மணி மாத்திரைய எப்படிக் குடுக்குதீங்கன்னு காட்டுங்கம்மா." அவர் முழு மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். பாதி கொடுத்தால் விடிகாலை இரண்டு மணிக்கே அவர் முனக ஆரம்பித்துவிடுகிறார், அதனால் இரவில் மட்டும் முழுசாக. கணக்குப் பார்த்தோம்: முறையான வேளைகளுக்கு 18, இரவில் கூடுதலாகப் போன பாதிகள் சேர்ந்து 6, இடைவலிக்கு எட்டு முறை என்றால் 4. மொத்தம் 28. ஒன்றும் காணாமல் போகவில்லை, வலிதான் கூடியிருந்தது.

மருத்துவர் மூச்சையும் விழிப்பையும் பார்த்து, கிரியாட்டினினை மறுபடி எடுத்து, அது ஏறவில்லை என்றான பிறகு இரவு வேளையை 10 மி.கி. என்று முறையாக எழுதினார். அம்மாவிடம், அளவை மாற்ற வேண்டும் என்று தோன்றினால் முதலில் எங்களைக் கூப்பிடுங்கள், இரவானாலும் பரவாயில்லை என்று சொல்லிப் போன் எண்ணைக் கொடுத்தோம். சிறுநீர்க் குழாய் அடைத்திருந்த ஒரு நாளில் அந்த அளவு தப்பாகப் போயிருக்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னோம்.

அல்பிரசோலத்தை இந்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தியிருந்தார்கள். வலி அடங்கியதும் உறக்கம் தானாக வந்தது. ஓப்பியாய்டும் அல்பிரசோலம் வகை மருந்தும் சேர்ந்து மூச்சை மந்தமாக்கும் என்பது நமக்கெல்லாம் பாடத்தில் உண்டு. உறக்கம் வராததற்கு வலிதான் காரணமா என்று கேட்டிருந்தால் அந்த மாத்திரை எழுதப்பட்டிருக்கவே தேவையில்லை.

அவர் அதன் பின் ஐந்து மாதம் இருந்தார். பெரும்பாலான நாள் திண்ணையில் உட்கார முடிந்தது. சாவுக்குப் பின் பத்தாம் நாள் மகன் மீதி மாத்திரைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். கொண்டுவரச் சொல்லி முன்பே கேட்டிருந்தோம். துக்க வீட்டில் போய்க் கேட்க முடியாது, அதனால் மருந்து தொடங்கும் நாளிலேயே சொல்லிவிடுவது வழக்கம். எண்ணி, மகனிடமும் கையெழுத்து வாங்கி, ஏட்டில் தனியாக ஏற்றி, அழிக்க வேண்டியவற்றோடு வைத்தோம். அவற்றை இன்னொரு நோயாளிக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது.

முதலில் இல்லை என்று சொன்ன அந்த மூன்று கடைகளுக்கும் நானும் நான்காவது கடை மருந்தாளுநரும் போய்ப் பேசினோம். ஒருவர் டிரமடால் வாங்கி வைக்க ஒத்துக்கொண்டார். எச்1 பதிவேட்டை எப்படி எழுதுவது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். இன்னொருவர், சரக்கு வைக்க மாட்டேன், ஆனால் யாராவது கேட்டு வந்தால் சீட்டை வாங்கிப் பார்த்து உங்களுக்குப் போன் செய்கிறேன் என்றார். அதுவே பெரிய உதவி. மூன்றாமவர் அசையவில்லை. ஒருமுறை சோதனையில் கடை முழுவதையும் கலைத்துப் போட்டதைச் சொன்னார், குரலில் இன்னும் அந்த நடுக்கம் இருந்தது. அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டோம்: இல்லை என்று சொல்லுங்கள், ஆனால் எங்கே கிடைக்கும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். மாவட்டத்தில் மார்பின் தரும் இடங்களின் பெயரும் போன் எண்ணும், வீடு தேடி வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' அரசுத் திட்டப் பணியாளரிடம் வலி, வேதனை குறைக்கும் நோய்த்தணிப்புச் சேவை கேட்கலாம் என்ற குறிப்பும் அச்சடித்த சீட்டுக்கட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தோம். வாங்கிக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தார். போன மாதம் அந்தச் சீட்டோடு இரண்டு குடும்பங்கள் எங்களிடம் வந்தன; கட்டு தீரப்போகிறது, இன்னும் கொஞ்சம் அனுப்புங்கள் என்று அவரே சொல்லி அனுப்பியிருக்கிறார்.